திட்டினாலும் மேற்கோள்தான்

குன்னூரில் உள்ள அந்த மண் ஆய்வு நிலையத்தில் சுகுணாவின் மதிப்பு அவள் தோண்டிய மண்ணில் இல்லை, மேற்கோளில் இருந்தது. எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் அவள் ஆய்வைக் குறிப்பிட்டார்கள் என்று கணினி எண்ணிச் சொல்லும். எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்று கேட்க அதற்கு வாய் கிடையாது. இயக்குநர் இராஜமாணிக்கத்துக்கு வாய் உண்டு, கேட்கத்தான் மனம் கிடையாது.

அவள் கட்டுரைகளில் கொடிகட்டிப் பறந்தது ஒன்றே ஒன்று. ஓர் எஸ்டேட்டின் தேயிலை மண்ணில் மண்புழு கொள்ளை கொள்ளையாக நெளிகிறது என்று எழுதியது. பாவம், அப்போது வேலைக்குப் புதுசு. பெரிய ஆட்கள் வந்தால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிற பழக்கத்தில், மேடம் புழு பார்க்க வருகிறார் என்றதும் மேனேஜர் முந்தின நாளே புழு உரத்தை லோடு லோடாகக் கொட்டி வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்தது. ஆய்வுக்கு நிலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு உலகமே அவளை உதாரணம் காட்டியது. மேற்கோள் இருநூறைத் தாண்டியது.

எமரால்டு என்ற ஊரில் பூச்சிமருந்தே அடிக்காத ஒரு துண்டு நிலத்தில் மண் எப்படி மறுபடி உயிர் பிடிக்கிறது என்று ஒன்பது வருடமாகப் பார்த்து எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை. அந்த ஆய்வை மூடிவிடலாம், நிலத்துக்காரர் கேரட் போட்டுக்கொள்ளட்டும் என்று பேச்சு வந்தபோது சுகுணா இயக்குநரிடம் ஓடினாள்.

"அந்தப் புழுக் கட்டுரை தப்புங்க சார். எல்லாரும் திட்டித்தான் எழுதியிருக்காங்க."

"ஏனுங்க, திட்டினாலும் உங்க பேரைச் சொல்லித்தானுங்க திட்டறாங்க?" என்றார் இராஜமாணிக்கம். "எமரால்டுக்கும் மார்ச்சுக்குள்ள நாலு மேற்கோள் காட்டுங்க, விட்டுடறேன்."

ஊட்டியில் பேராசிரியர் அய்யாவு இருந்தார். அவளை முதலில் கிழித்தவர், பிறரைக் கிழித்தே பேர் வாங்கியவர். வெட்கத்தை விட்டு அவருக்கு ஃபோன் போட்டு, எமரால்டு ஆய்வையும் கொஞ்சம் திட்டி எழுதும்படி கேட்டாள். அவருக்கு வாயெல்லாம் பல். தன் மாணவர்களையும் எழுத வைப்பதாக வாக்குக் கொடுத்தார். எமரால்டு கட்டுரைகளை ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

"எல்லாத்தையும் படிச்சுட்டேனுங்க. ஒரு ஓட்டை கூட இல்லீங்களே! நான் என்னத்தைங்க எழுதறது?"

"நல்லா இருக்குன்னு எழுதுங்க சார்," என்று கெஞ்சினாள்.

"நல்லா இருக்குன்னு எழுதினா, அப்புறம் என்னை யாருங்க மேற்கோள் காட்டுவாங்க?"

ஏப்ரலில் கேரட் விதைக்க வந்தவர்கள், முதல் வேலையாக அந்த மண்ணுக்கு மருந்து அடித்தார்கள்.