எதிர்ப்பக்கம் வளைந்த காம்பு

பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்தபோது கிடைத்த சாக்கை அண்ணன் அவிழ்த்து ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. காரில் கொண்டுவந்து தம்பியின் பட்டறை வாசலில் தொப்பென்று போட்டார்.

"அப்பா தாத்தா காலத்துக் கோடாலிங்க. புதுக் காம்பு போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடு. புது வீட்டு ஹால்ல, அப்பா போட்டோவுக்குக் கீழ மூணையும் வரிசையா மாட்டணும்."

தம்பி லேத்து ஓட்டுகிறவர். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே லேத்துக்காரர்தான். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாதவர். "சரிண்ணே" என்றார்.

மூன்றில் ஒன்று மரம் வெட்டும் சாதாரணக் கோடாலி. மற்ற இரண்டும் அகல வாய் கொண்டவை. உருண்டை மரத்தைச் சதுரமாகச் செதுக்கி உத்தரமாக்குகிறவை. தாத்தா மரவேலைக்காரர். அந்த வீட்டு உத்தரங்களை அவரும் அப்பாவும்தான் செதுக்கினார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பிள்ளைகள் இவர்கள். துரு செதில்செதிலாக ஏறியிருந்தது. லேத்துக்காரர் மூன்றையும் வினிகரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கருப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு மெல்ல முகம் காட்டியது. காம்புகளைப் பூச்சி அரித்திருந்தது. தீயில் போட்டால் கோடாலித் தலையின் துளைக்குள் இருக்கும் கட்டை சுலபமாகக் கருகிவிடும், ஆனால் இரும்பின் பதம் போய்விடும். அதனால் காம்பை அறுத்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பதைத் துளைபோட்டுத் தட்டி எடுப்பதென்று முடிவு செய்தார்.

அறுக்கப்போகும் நேரத்தில்தான் கவனித்தார். செதுக்குகிற கோடாலிக்கு ஒரு பக்கம் பலகைபோலத் தட்டை, மறுபக்கம் சாய்வு. தட்டைப் பக்கம் மரத்தை ஒட்டி இறங்கும். விரல்முட்டி மரத்தில் உரசாமலிருக்கக் காம்பு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இரண்டில் ஒன்று வலப்பக்கம் வளைந்திருந்தது. இன்னொன்று இடப்பக்கம். யாரோ தூக்கக் கலக்கத்தில் மாட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அந்தக் கோடாலிக்கு வாயும் தலைகீழாக, தட்டைப் பக்கம் மாறித்தான் இருந்தது. யாரோ கேட்டுக்கொண்டதால்தான் கொல்லர் அப்படி அடித்திருக்கிறார். கை பிடித்துப் பிடித்துக் காம்பின் ஓரிடம் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. தப்பாக மாட்டியதை அவ்வளவு காலம் யார் பிடித்து வேலை செய்வார்கள்? தாத்தாவுக்கும் வலது கை. அப்பாவுக்கும் வலது கை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் காட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க அத்தைக்கு இடது கைதானே? கல்யாணமான புதுசுல எனக்குத் தலை பின்னிவிட்டாங்க. பின்னல் எதிர்ப்பக்கமாப் போகுதேன்னு நான் சிரிச்சேன்."

அவர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார்.

அத்தை, அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர். வீட்டில் தனக்கும் பங்கு வேண்டுமென்று கேட்ட நாளிலிருந்து போக்குவரத்து அறுந்துபோயிற்று. அப்பா இறந்த பிறகும் யாரும் அதை ஒட்டவைக்க முயலவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் மகளோடு இருந்தார். பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

மறுநாள் காலை லேத்துக்காரர் கோடாலியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார். அத்தை முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முறத்தைப் புடைத்தார். அவர் துணியைப் பிரித்ததும் அத்தையின் இடது கை தானாக நீண்டு காம்பைப் பிடித்தது. அந்த வழவழப்பின் மேலேயே பிடித்தது.

"எங்கேர்ந்து எடுத்த?"

"பரண்லேர்ந்து அத்தை."

"பரணைக் காலி பண்ற அளவுக்கு அங்க என்ன நடக்குது?"

வீட்டை இடித்தாயிற்று, அண்ணன் அங்கேயே புதிதாகக் கட்டுகிறார் என்று லேத்துக்காரர் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அத்தை பருப்பிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"நடு உத்தரம்?"

"மரக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அது நான் செதுக்கினது." மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். "உங்க அப்பன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவனுக்கு வலது, எனக்கு இடது. மரத்தைத் திருப்பிப் போட வேண்டிய வேலையே இல்ல. அதுக்காகவே எங்கப்பா எனக்குன்னு இதைக் கொல்லர்கிட்ட அடிச்சு வாங்கிக் குடுத்தாரு. பங்கு கேட்டப்ப, 'வீட்டுக்கு நீ என்ன செஞ்சுட்ட'ன்னு உங்க அப்பன் நாலு பேர் நடுவுல கேட்டான். நான் பதிலே சொல்லல. தெரியாதவன் கேட்டா சொல்லலாம்."

லேத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எதற்கு வந்தாய் என்று அத்தை கேட்கவில்லை. கோடாலியை அவரே துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"பழைய காம்புல எப்படி இருக்கோ அப்படியே வளைவு வை. நேராக்கிடாத."

இடக்கைக் கோடாலியை அத்தையிடமே கொடுக்கப்போவதாக அண்ணனிடம் போனில் சொன்னார்.

"உனக்கென்ன பைத்தியமாடா? கோடாலியைத் தூக்கிக் கையில குடுத்தா, நாளைக்கு இடத்துல பங்கு குடுன்னு வந்து நிப்பாங்க. புது வீட்டுக்குக் கடக்கால் போட்டாச்சு. நீ வளைவை நிமித்தி மூணையும் ஒரே மாதிரி பண்ணு. சுவத்துல மாட்டுறதுக்கு வலது என்ன, இடது என்ன?"

"கேட்டா கேக்கட்டும்ணே."

"என்னது?"

"கேட்டா கேக்கட்டும்னு சொன்னேன்." போனை அண்ணன்தான் வைத்தார்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறை மூடிய பிறகு காம்பு வேலை நடந்தது. நன்றாகக் காய்ந்த, நேரான ரேகை ஓடும் கட்டையாகத் தேடி எடுத்தார். தண்ணீர் கொதிக்கும் அண்டாவின் ஆவியில் வைத்து இளக்கி, பழைய காம்பைப் பக்கத்தில் கிடத்தி அதே அளவுக்கு வளைத்துக் கட்டிக் காயவைத்தார். பிறகு அரத்தால் ராவி, துளைக்குள் விட்டு, இரும்பு உரசிக் கருப்புப் பட்ட இடத்தை மட்டும் மறுபடி ராவி, மறுபடி விட்டு, கடைசியில் ஆப்பு அறைந்தார். வலக்கைக் கோடாலியையும் மரம் வெட்டும் கோடாலியையும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வந்து சேர்ந்தது என்றுகூட அண்ணனிடமிருந்து தகவல் இல்லை.

இடக்கைக் கோடாலியோடு ஒரு துண்டு மரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அத்தை படியிறங்கி வந்தார். சைக்கிள் கடைக்கு முன்னால் இரண்டு கட்டைகளை அண்டைகொடுத்து மரத்தை மேலே கிடத்தினார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் டியூபைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்.

"பாட்டிம்மா, காலைப் பாத்து."

"என் காலை நான் பாத்துக்கறேன். நீ உன் டியூபைப் பாரு."

அத்தை புடவையை இழுத்துச் செருகினார். முதல் வீச்சு மரத்தில் வழுக்கியது. இரண்டாவது கொஞ்சம் கடித்தது. நின்று மூச்சு வாங்கினார், காம்பில் கையை ஒரு விரற்கடை கீழே இறக்கிப் பிடித்தார். அதன் பிறகு வீச்சு சிறிதாகவும் சீராகவும் விழுந்தது. சிராய்கள் சுருண்டு சுருண்டு தெருவில் தெறித்தன. விரல்முட்டி மரத்தில் படவில்லை. லேத்துக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பங்கு விஷயமா என்ன அத்தை நினைக்கிறீங்க?"

அத்தை செதுக்கிய பக்கத்தை உள்ளங்கையால் நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். வெளிறிய மஞ்சளாக, ஈரம் போல மின்னியது அது. பிறகு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மரத்தின் எதிர்ப்பக்கத்தைக் கோடாலியால் காட்டினார்.

"அந்தப் பக்கத்துக்கு ஆளில்ல. திருப்பிப் போடு."

அவர் குனிந்து மரத்தைப் பிடித்தார். அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பஞ்சர்காரர் டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடிக்க வந்தார்.