நஞ்சுச்சளி என்பது கடுமையான சளிதானா?

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையிலிருந்து வந்தது. நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் ஒவ்வொரு அக்டோபரிலும் அச்சிடுவது. 'சளி, காய்ச்சல், தடுப்பூசி: நீங்கள் அடிக்கடி கேட்பவை.' பன்னிரண்டு கேள்விகள். டாக்டர்கள் தரும் பதில்களை முதியவர்களுக்குப் புரியும்படி மாற்றி எழுதுவது என் வேலை. பதினொன்றை ஒரே காலையில் முடித்துவிட்டேன். ஏழாவது கேள்வியில், மேலே தலைப்பாக இருப்பதில், கை நின்றது. நின்ற கை வேறு தாளை எடுத்தது. அந்தத் தாள்தான் இது.

இதில் வருகிறவனைத் தேஹோ என்று அழைக்கிறேன். என் பெயர் அதுவல்ல. 'நான்' என்று எழுதினால் மூன்றாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. 'அவன்' என்றால் கொஞ்சம் நடக்கிறது. வாசகர் இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஊன்றுகோல், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'போரம் இறந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.' அடித்துவிட்டேன். செய்தித்தாள் வாடை.

இரண்டாம் தொடக்கம்: 'அந்த ஜனவரியில் கடல்' [விட்டுவிட்டேன். கடல் எதுவும் செய்யவில்லை.]

மூன்றாம் தொடக்கம்: 'வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள்.' இது நிற்கட்டும். இது உண்மை.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். அக்டோபர், சனிக்கிழமை, துறைமுகத் தெருவில் ஒரு கிளினிக். ஃப்ளூ ஊசிக்காகத் தேஹோவின் மனைவி போரம் இருவர் பெயரையும் பதிவு செய்திருந்தாள். தேஹோவுக்குப் பசித்தது.

"ஏழு பேரு. ஒரு மணி நேரம் ஆகும்," என்றான்.

"ஆகட்டுமே. உனக்கு என்ன அவசரம்?"

"கிழவங்களுக்குப் போடறது இது. நமக்கு எதுக்கு? நஞ்சுச்சளியும் சளிதானே. வா, நூடுல்ஸ் சாப்டுட்டு வருவோம்."

"வருவோமா?"

"வருவோம்."

வரவில்லை. எதிர்க் கடையில் கிளிஞ்சல் போட்ட, கத்தியால் வெட்டிய நூடுல்ஸ். அவள் தன் கிண்ணத்துக் கிளிஞ்சலை எல்லாம் அவன் கிண்ணத்தில் போட்டாள். அன்று மாலை சினிமா.

3

எங்கள் ஊரில் ஃப்ளூவுக்கு ஈரெழுத்துப் பெயர். முதல் எழுத்து நஞ்சு. இரண்டாவது, சளி என்ற சொல்லிலிருந்து ஒடித்து எடுத்தது. நஞ்சுச்சளி என்று எழுதிக்கொள்கிறேன். பெயர் வைத்தவன் நல்லவனாக இருந்திருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் பாதிப் பேர் அதைக் கொஞ்சம் முற்றின சளி என்றே நினைத்து வாழ்கிறார்கள். படித்தவர்களும்தான். தேஹோ நான்கு வருடம் கல்லூரியில் மொழி படித்தவன்.

[துண்டறிக்கைக்கு: சளி வேறு, நஞ்சுச்சளி வேறு. கிருமியே வேறு. அது நுரையீரலையும், சில சமயம் இதயத்தையும் தாக்கும். மருந்து உண்டு, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நல்லது.]

ஜனவரியில் போரத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்புவலி. இரண்டாம் நாள் மாலை அவள் கேட்டாள்: "இது நஞ்சுச்சளியா இருக்குமோ?"

"சளி. வேர்த்தா போயிடும்."

முளைப்பயறு சூப்பில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தான். அவள் குடித்தாள். வேர்த்தது. நான்காம் நாள் படியேற முடியவில்லை. ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில், இதயத் தசை வீங்கியிருக்கிறது என்று ஒரு இளம் டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிவு உங்களுக்குத் தெரியும்.)

4

இனி ஒரு சொல். கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

'மாஜா.' எங்கள் பேச்சில் இதற்கு 'சரிதான், அதுவேதான்' என்று பொருள். ஊசி போட்டுக்கொள்வதற்கும் இதே சொல். அடி வாங்குவதற்கும் இதே சொல். கடைசியில் வரும் கால விகுதிதான் எது எது என்று பிரித்துக் காட்டும். அழுகிறவர்கள் முதலில் விழுங்குவது விகுதியைத்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கீழேயுள்ள சவச் சடங்குக் கூடம். போரத்தின் அம்மா பில்நாம் வெள்ளைச் சாமந்திப் பூக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது. தேஹோவின் கறுப்புச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நஞ்சுச்சளி," என்றாள். பிறகு, "மாஜா?"

அவன் காதில் விழுந்தது: வந்தது நஞ்சுச்சளிதானா? டாக்டர் சொன்னது அதுதானா?

"மாஜா," என்றான். அதுதான்.

பில்நாம் பக்கத்தில் இருந்த தங்கையிடம் திரும்பினாள். "கேட்டியா. ஊசி போட்டிருக்கா. போட்டும் போயிட்டா."

அப்போதுதான் அவள் கேட்டது என்னவென்று அவனுக்குப் புரிந்தது. மகள் ஊசி போட்டுக்கொண்டாளா என்று கேட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டாள் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அதுவரை அது தவறு. சொல்லின் தவறு. யாரோ காரமான மாட்டிறைச்சி சூப்பை ஒரு தட்டில் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். சூப் ஆறும் வரை நின்றான். தவறு அந்த நேரத்தில்தான் பொய்யானது. எந்த நிமிடத்தில் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பல முறை முயன்றுவிட்டேன்.

5

பில்நாம் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளை மென்மையானவளாக எழுதினேன். அது என் வசதிக்கு. மென்மையானவர்களிடம் உண்மையைச் சொல்லாமலிருக்க நல்ல காரணம் கிடைக்கும். அவள் மென்மையானவள் இல்லை. முப்பது வருடமாகச் சிப்பிக் கொட்டகையில் நின்றபடி சிப்பி உடைக்கிறாள். ஆஸ்துமா இருக்கிறது. மருந்து உறிஞ்சும் குழாயைப் பூட்ஸுக்குள் செருகி வைத்திருப்பாள்.

* அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதல்: என் மகள் செய்ய வேண்டியதைச் செய்தாள். உண்மை முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

* தேஹோவிடம் 'சாப்டியா' என்று கேட்க உலகத்தில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். இதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் முதல் குறிப்பை மட்டும் எழுதினால் அவன் நல்லவனாகத் தெரிவான்.

* ஊசி போட்டிருந்தால் போரம் பிழைத்திருப்பாளா? துண்டறிக்கையில் 'ஆபத்தைக் குறைக்கும்' என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். 'காப்பாற்றும்' என்று எழுதினேன். டாக்டர் அடித்துத் திருத்தினார். அவர் செய்தது சரி. அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் முடியவில்லை.

6

போரம் போய் ஒன்பது மாதம் கழித்து, அக்டோபரில், தேஹோவின் பிரிவுத் தலைவி, 'ஓ' என்பவர், ஒரு பட்டியலைக் காட்டினார்.

"இந்தச் சிப்பிக் கொட்டகையப் பாருங்க. போன வருஷம் இருபத்தாறு பேர் வேன்ல ஏறி வந்து ஊசி போட்டுக்கிட்டாங்க. இந்த வருஷம் பேர் குடுத்தது நாலே பேர்."

"ஏன் மேடம்?"

"அங்க ஒரு அம்மா இருக்காங்களாம். என் பொண்ணு ஊசி போட்டுத்தான் செத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்களாம். நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே? போய்ப் பேசிப் பாருங்க. அந்தம்மாவ மட்டும் சரிக்கட்டினாப் போதும்."

யார் அந்த அம்மா என்று ஓவுக்குத் தெரியாது. தேஹோ சொல்லவும் இல்லை. "சரி மேடம்," என்றான்.

(கதைக்கு இது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. சிறிய ஊர்களில் பொருத்தம் என்று எதுவும் கிடையாது. ஆட்கள் குறைவு, அதுதான்.)

7

கொட்டகையில் இருபத்தெட்டுப் பெண்கள் நீள மேசைகளைச் சுற்றி நின்றிருந்தார்கள். தேஹோ உள்ளே வந்ததும் கத்திகள் நிற்கவில்லை. வாய்கள்தான் திறந்தன.

"பில்நாம் அக்கா, உன் மாப்ளடி. கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

"சிப்பி வாங்கவா, பொண்ணு பார்க்கவா?" என்றாள் ஜோம்சுன். அவளுக்கு அறுபத்தொன்பது. "பொண்ணுன்னா நான் ரெடி. பல்லு மட்டும் கட்டின பல்லு."

"வாய மூடுடி," என்றாள் பில்நாம் நிமிராமல். "சாப்டியா மாப்ள?"

"சாப்டேன் அத்தை."

"பொய். மூஞ்சியே சொல்லுது."

அவன் கையிலிருந்த தாள்களை மேசையில் வைக்க இடம் தேடினான். எங்கும் ஈரம்.

"மாசக் கடைசில வேன் வருது அத்தை. ஊசிக்கு."

"வரட்டும். ரோடு பொதுதானே."

"நீங்க கட்டாயம் வரணும். உங்க மூச்சுக்கு நஞ்சுச்சளி வந்தா தாங்காது."

"என் மூச்சு எனக்குத் தெரியும்."

ஜோம்சுன் விடவில்லை. "நீயே சொல்லு தம்பி. போன வருஷம் போட்டேன். மார்ச் வரைக்கும் மூக்கு ஒழுகிச்சு. சளிக்கு ஊசி போட்டும் சளி பிடிக்குதுன்னா அது என்ன ஊசி?"

"அது சளிக்குப் போடற ஊசியே இல்லம்மா. சளி வேற, நஞ்சுச்சளி வேற."

"பேர்லயே சளி இருக்கே?"

"பேருதான் தப்பு."

"அப்ப உங்க ஆபீஸ்ல சொல்லி பேர மாத்து. அதுக்குள்ள எங்க பேர எல்லாம் கல்லுல வெட்டிடுவாங்க."

சிரித்தார்கள். பில்நாம் சிரிக்கவில்லை. இருமினாள். நீளமான இருமல். முடிந்ததும் கத்தியை மேசையில் வைத்தாள்.

"என் பொண்ணு போட்டுக்கிட்டா. மூணு மாசத்துல சாம்பல். இவன்தான் சொன்னான், பூவுக்கு முன்னாடி நின்னு. இவன் பொய் சொல்ற ஆளா? இந்தா நிக்கிறான். அவனையே கேளுங்கடி."

இப்போது எல்லாக் கத்திகளும் நின்றன.

தேஹோ வாயைத் திறந்தான். "போரம் அன்னைக்கு

[இந்த வாக்கியத்தை அவன் தொடங்கவே இல்லை. நான்தான் தொடங்கி வைத்தேன், அவனுக்கு உதவலாம் என்று. அவன் உண்மையில் சொன்னது கீழே.]

"வேன் ஒன்பது மணிக்கு வரும்," என்றான்.

கத்திகள் மறுபடி ஓடத் தொடங்கின. புறப்படும்போது பில்நாம் ஒரு பை நிறையச் சிப்பி கட்டிக் கொடுத்தாள். "இன்னைக்கே சாப்ட்டுடு. வச்சுக்காத."

8

முடிவுகள்.

முதல் முடிவில் தேஹோ அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறான். பில்நாம் அவனை அறைகிறாள். வேன் வரும் காலை இருபத்தெட்டுப் பேரும் ஏறுகிறார்கள், அவளும் கடைசியாக ஏறுகிறாள். எழுதிப் பார்த்தேன். சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டலாம் போல இருந்தது. மகள் செத்தவள் அவ்வளவு சீக்கிரம் வேன் ஏறமாட்டாள்.

இன்னொன்றில் ஏழாவது கேள்விக்குக் கீழே அவன் ஒரு பத்தி எழுதுகிறான்: 'ஒரு கணவன் இருந்தான்.' பெயரில்லாமல். மூவாயிரம் பிரதி அச்சாகிறது. அவள் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. அது அவனுக்குத் தெரியும்.

மூன்றாவதில் அவன் புதுப் பொய் ஒன்று சொல்கிறான். இந்த வருட ஊசி வேறு, ஆஸ்துமாக்காரர்களுக்கென்றே வந்தது என்கிறான். அவள் நம்பிப் போட்டுக்கொள்கிறாள். குளிர்காலம் கடந்துபோகிறது. 'சாப்டியா' என்று இன்னும் கேட்கிறாள். மூன்றிலும் இதுதான் நன்றாக வந்தது. பேச்சு தானாகவே அமைந்தது, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு எளிதாக வந்ததால்தான் கிழித்தேன்.

நான்காவது, உண்மையைச் சொல்வது. அவள் வீட்டில், அவளிடம் மட்டும். பதினொரு முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் ஒரு லேசான உணர்வு வந்தது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். எழுதினால் சொல்லிவிட்டது போலவே இருந்தது. மறுநாள் அவளைப் பார்க்கப் போகவில்லை. பதினொரு முறையும் போகவில்லை.

அதனால் பன்னிரண்டாம் முறை எழுதமாட்டேன்.

9

வியாழக்கிழமை, மாலை நான்கரை. கொட்டகை விட்டாகிவிட்டது. வேன் நாளைக் காலை ஒன்பதுக்கு. ஊசி உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் (கேள்வி ஒன்பது). கொட்டகையில் ஏற்கெனவே இருவருக்குக் காய்ச்சல்.

தேஹோ காரை அத்தை வீட்டுக்கு எதிரே, மீன்வலைக் கடையின் நிழலில் நிறுத்தியிருக்கிறான். ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊன்றுகோல் இதுவரைதான் வரும்.

மாடிப்படியில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்தவள் இந்தப் பக்கம் பார்த்துவிட்டாள். இறங்கி வருகிறாள். தெருவைக் கடக்க மூச்சு வாங்குகிறது. நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து, மறுபடி நடக்கிறாள். கண்ணாடியைத் தட்டுகிறாள்.

"என்ன மாப்ள, கார்லயே குடியிருக்கப் போறியா? என்ன எழுதற?"

அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுத முடியாது. உங்களுக்கு முடிவு வேண்டுமானால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த வேனில் யார் யார் ஏறினார்கள் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களால் எழுத முடியும். உங்கள் அத்தை இல்லை அவள். பேனாவை மூடிவிட்டு, கண்ணாடியை