நீளமான கைப்பிடி

நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்தது முதல் தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. வானம் பிழியாத துணியைப் போல் தாழ்ந்து தொங்கியதால், காலை பத்து மணிக்கே கடைகளில் விளக்கு எரிந்தது.

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் நின்றிருந்தவரை ஊரார் கட்டர் என்றே அழைத்தனர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தைப் பல ஆண்டுகள் இயக்கியவர் அவர். சென்ற கோடையில் முதலாளி அவரை அந்த எந்திரத்தைவிட்டு எழுப்பி, பொதி கட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார். வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய் அவருடைய விரல்களில் குடியேறிவிட்டதே காரணம். "விரல்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கு" என்றுதான் மருத்துவர் சொன்னார். "கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்காம்" என்று கட்டர் வீட்டில் வந்து சொன்னார். சொல்லிச் சொல்லி, நாளடைவில் அவரே அதை நம்பிவிட்டார்.

பலம் என்றால் பிரச்சினை இல்லை. பலத்துக்குக் கருவி உண்டு.

அவரோடு கடைக்கு வந்திருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. சிறுவயதில் அக்காவும் மாமாவும் எங்கே போனாலும் உபரிச் சக்கரம்போல் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டதால் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர் வந்தது. அந்த வண்டியின்மீது அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். இன்று அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்திருந்தது என்பதும், அதை வெளியே காட்டிக்கொள்ள அவன் கூச்சப்பட்டான் என்பதும் கட்டருக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். சென்ற மாதம் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போகும்போது, சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் சேலை நுனியில் வண்டி உரசி நின்றது. பிரேக்கைப் பிடித்துவிட்டதாகவே கட்டர் நினைத்திருந்தார். பிடித்திருக்கவில்லை. அன்று முதல் மனைவி அந்த வண்டியில் ஏறவில்லை. இப்போது செயினும் தேய்ந்து தொங்கத் தொடங்கியதும், அவள் முடிவாகப் பேசிவிட்டாள்.

"எந்த மெக்கானிக்கும் வேணாம். வழக்கமா செய்யற மாதிரி நீங்களே மாட்டுங்க. மாட்டிட்டா, இனிமே நான் வாயத் திறக்க மாட்டேன். முடியலைன்னா சாவியைத் தம்பி கையில குடுத்துடுங்க."

"குடுத்துட்டு? நான் பஸ்ல தொங்கிட்டுப் போகணுமா?"

"தொங்க வேணாம். உக்காந்து போங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

மாட்டினால் வண்டி அவருடையது, இல்லையேல் இல்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

கடைக்காரர் மேசைமீது முதலில் வைத்தது, செயினின் இரு நுனிகளையும் சேர்க்கும், கிளிப் பூட்டிய ஓர் இணைப்புக் கண்ணி. "இதுக்குத் தனியா எதுவும் வேணாம்ண்ணே. ஒரு பிளையர் போதும். கிளிப்பைத் தள்ளினா டக்குன்னு உக்காந்துக்கும்."

நகத்துண்டு அளவே இருந்த அந்தக் கிளிப்பைக் கட்டர் எடுத்தார். எடுத்ததாகவே எண்ணிக் கையைக் கண்ணருகே கொண்டுபோனார். கிளிப் மேசையிலேயே கிடந்தது. மறுமுறை எடுத்தபோது அது நழுவித் தரையில் தெறித்தது.

"கடை பூரா எண்ணெய்ப் பிசுக்கு" என்றார் கட்டர்.

"இப்பத்தான் தொடைச்சேன்" என்றார் கடைக்காரர்.

"அது கிடக்கட்டும். கிளிப் எல்லாம் எனக்கு ஒத்து வராது. வேகத்துல கழண்டு பறந்துட்டா யாரு பொறுப்பு? ரிவெட் அடிக்கிற கண்ணி குடுங்க. அதுக்குண்டான கருவியையும் காட்டுங்க."

கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்துவைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது. திருகுவதற்குக் குட்டையான குறுக்குக் கம்பி கொண்டது. மற்றது தடித்த பெட்டியில் படுத்திருந்தது. பழைய செயினின் முளையைத் தள்ளி வெளியேற்ற ஒரு முனை, புதிய கண்ணியின் பக்கத் தகட்டை அழுத்த ஒரு முனை, முளையின் தலையை விரிக்க ஒரு முனை. எல்லாவற்றுக்கும் பொதுவாக முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி.

கட்டர் சிறிய கருவியைக் கையில் எடுத்து, மரையை ஆராய்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு திருகிப் பார்த்தார். கட்டைவிரல் வழுக்கியது. பெரியதை எடுத்தார். அந்தக் கைப்பிடியை விரல்களின் தயவின்றி, உள்ளங்கையாலேயே தள்ளிவிடலாம். அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மாமா, இதை வாங்கினா லாரிக்கே செயின் மாட்டலாம்" என்றான் மைத்துனன்.

"லாரிக்கு ஏதுடா செயின்?"

"அதான் மாமா. இதை வச்சு முதல்முதலா நீங்கதான் மாட்டப் போறீங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "உங்க வண்டிக்குச் சின்னதே போதும்ண்ணே. பிடி நீளமா இருந்தா எவ்வளவு அமுக்குறோம்னு கைக்குத் தெரியாது. சின்னது, கையோட பேசும்."

"என் கைக்குப் பேச்செல்லாம் பிடிக்காது" என்று கட்டர் பெட்டியை மூடினார்.

பிற்பகலில் வேலை தொடங்கியது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான நடையில், தகரக் கூரையின்கீழ் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டு, உலராத துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் கவிழ்த்த வாளிமேல் அமர்ந்தான்.

"நான் அம்பயர். ஆட்டத்துல கை வைக்க மாட்டேன்."

"வாயையும் வைக்காதே" என்றாள் அக்கா.

பழைய செயின் தடையின்றி அறுந்தது. நீளக் கைப்பிடியை உள்ளங்கையால் தள்ள, முளை முனகிக்கொண்டே பின்புறம் வெளியேறி அட்டைமேல் விழுந்தது. புதிய செயினின் நுனியைப் பழையதன் வாலில் கம்பியால் கட்டி, பழையதை இழுக்க, புதியது பல்சக்கரங்களைச் சுற்றி வந்து சேர்ந்தது. கட்டர் சீட்டியடித்தார். அவர் சீட்டியடித்து எத்தனையோ காலமாயிற்று. மனைவியின் கை ஒரு கணம் துணிமேல் நின்றது.

"அண்ணாந்து பாருங்க அம்பயர், மழை நின்னுடுச்சா?"

"இல்ல மாமா. நீங்க சீட்டியடிச்சதுல இன்னும் பலமா வருது."

எஞ்சியது இணைப்புக் கண்ணி ஒன்றே. இரண்டு முளைகள் கொண்ட துண்டு, அதன் பக்கத் தகடு, கிரீஸ் பொட்டலம், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நான்கு கரிய ரப்பர் வளையங்கள். ஒவ்வொரு முளையிலும் உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக வளையங்கள் அமர்ந்தால்தான், கண்ணிக்குள் இட்ட கிரீஸ் வெளியேறாது. அல்லாவிடில் அந்த ஒரு கண்ணி மட்டும் காய்ந்து இறுகி, ஓடும்போதே ஒருநாள் அறுந்துபோகும். இவையெல்லாம் கட்டருக்கு மனப்பாடம்.

வளையங்களை ஒரு டப்பா மூடியில் கொட்டிக்கொண்டார். முளைகளில் கிரீஸைத் தாராளமாக அப்பினார். ஒரு வளையத்தை நகத்தால் ஒற்றி எடுத்து மாட்டினார், பின்னர் இன்னொன்று. கண்ணியைச் செயினின் இரு நுனிகளிலும் செருகி, வெளிப்பக்கத்துக்கு மற்ற இரண்டையும் எடுத்தார். மங்கிய வெளிச்சத்தில் கிரீஸும் கரியதாகத் தெரிந்தது, வளையமும் கரியதாகத் தெரிந்தது. மூடியைப் பார்த்தார். மூடி காலி. எல்லாம் ஏறிவிட்டன.

பக்கத் தகட்டை வைத்து நீளக் கைப்பிடியைத் திருப்பினார். தகடு ஏறியது. முனையை மாற்றி முதல் முளையின் தலையை விரித்தார். அதிகமாகிவிடுமோ என்று கண்ணை அருகே வைத்துப் பார்த்துப் பார்த்துத் தள்ளினார், வெடிக்கவில்லை. இரண்டாம் முளையும் விரிந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றினார். செயின் மெல்லிய சரசரப்போடு ஓடியது.

மைத்துனன் வாளியைவிட்டு எழுந்து கைதட்டினான். அவன் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. "அவுட் இல்ல! மாமா நாட் அவுட்!"

கட்டர் மனைவியின் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "என்ன சொல்றே?"

அவள் எழுந்து வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அவளுடைய பார்வை அங்கே ஓரிடத்தில் நின்று, மறுபடி முகத்துக்கு வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல. வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னேன்ல" என்றாள். மடித்த துணிகளுக்குள்ளிருந்து ஒரு துண்டை உருவி நீட்டினாள். "கையத் தொடைச்சுக்கோங்க. டீ போடறேன்."

அது நல்ல துண்டு. கிரீஸ் கைக்கு அவள் அதைக் கொடுப்பவள் அல்லள். கட்டர் துண்டை வாங்கினார். வாங்கியபோதுதான் தம் வலக்கையைக் குனிந்து நோக்கினார். கட்டைவிரலின் நுனியில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு, ஒரு கரிய ரப்பர் வளையம் இருந்தது.

வெகுநேரமாக அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவர் கைப்பிடியைத் தள்ளியபோதும், சக்கரத்தைச் சுழற்றியபோதும், கையை விரித்துப் பெருமையடித்துக்கொண்டபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது. துண்டால் ஒருமுறை இழுத்தால் போதும், அது இல்லாமற்போய்விடும்.

கட்டர் துண்டை வண்டியின் இருக்கைமேல் வைத்தார்.

"நீ பாத்துட்டே."

"எதை?" என்றாள் மனைவி.

"இதை."

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். மடித்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மைத்துனன் குனிந்து பார்த்துவிட்டு, "அட, இதுக்கென்ன மாமா? கண்ணியைத் தட்டி எடுத்துட்டு வேற மாட்டலாம். நான் ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றான்.

"கண்ணி வாங்கலாம்டா."

"பின்ன என்ன?"

"விரல் மேலேயே இருக்கு. எனக்குத் தெரியல." கட்டர் வண்டியின் பிரேக் பிடியைப் பார்த்தார். "நீதானே அம்பயர்? தீர்ப்பைச் சொல்லு."

"நான் பாக்கலையே மாமா. தூறலைப் பாத்துட்டு இருந்தேன்."

"நான் பாத்தேன்" என்றார் கட்டர்.

அவர் இடக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். பைக்குள் இருந்தவற்றில் சாவி எது என்று விரல்கள் சொல்லாததால், எல்லாவற்றையும் அள்ளி இருக்கைமேல் கொட்டினார். சீப்பு, மாத்திரை அட்டை, சில நாணயங்கள், சாவி. சாவியை எடுத்து நீட்டினார். அந்த வண்டிமேல் அத்தனை காலமாகக் கண் வைத்திருந்தவன் இப்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கிக்கடா. நாளைக்கு வேற கண்ணி போடு. சின்னக் கருவியை வாங்கிக்கோ. நாலு வளையமும் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு மூடு."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் வாங்கிக்கொண்டான்.

மனைவி அருகில் வந்து கட்டரின் கையைப் பிடித்து, கட்டைவிரலிலிருந்த வளையத்தை எடுத்து மூடியில் போட்டாள். பின்னர் அந்த நல்ல துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவள் எந்த விரலைத் துடைக்கிறாள் என்பதை அவர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி மாலை ஐந்து நாற்பத்தேழு.