இடது பக்கக் கண்ணாடி

கீரப்பாளையம் நிறுத்தத்தில் காலையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் இளவரசுவின் பஸ்ஸைக் கண்டதும் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். அடுத்து வரும் ஜோசப்பின் பஸ்ஸுக்குத்தான் அவர்கள் காத்திருப்பது. இரண்டும் சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பஸ்கள். கட்டணமும் ஒன்று, பாட்டுச் சத்தமும் ஒன்று. இளவரசுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

போதாததற்கு ஜோசப்பின் முன்கண்ணாடி ஓரத்தில் எப்போதும் கல்யாணப் பத்திரிகைகள் செருகியிருக்கும். எல்லாம் பயணிகள் வைத்தவை.

“நானுந்தான் இத்தினி வருசமா ஓட்டுறேன். ஒரு காதுகுத்துக்காவது எவனாச்சும் கூப்புட்டானா?” என்று கண்டக்டர் சாமிக்கண்ணுவிடம் பொருமுவான்.

“அவுரு ஆளுங்க ஏறுற வரைக்கும் நிக்கிறாருண்ணே.”

“நானும் நின்னா, அவன் முந்திப் போயி அடுத்த ஸ்டாப்பு ஆளையெல்லாம் அள்ளிருவான்.”

அதனால் இளவரசுவின் கண் எந்நேரமும் வலது பக்கக் கண்ணாடியிலேயே இருக்கும். அதில் ஜோசப் வண்டியின் மூக்கு தெரிந்துவிட்டால் போதும். விசிலுக்குக்கூடக் காத்திராமல் வண்டியை எடுத்துவிடுவான். படியில் தொற்றியவர் பாடு அவரவர் பாடு.

அவன் மனைவி வெண்மதிக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக் கடையில் வேலை. முன்பெல்லாம் புருஷன் வண்டியில்தான் பெருமையாக வருவாள். ஒரு மாதமாக, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டியில் போவதாகச் சொல்லியிருந்தாள். அவனும் நம்பியிருந்தான்.

அன்று புவனகிரியில் டயர் மாற்றியதில் இளவரசுவுக்குத் தாமதம். ஜோசப்பின் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் கீரப்பாளையத்துக்கு வந்தால், நிறுத்தத்தில் வெண்மதி நிற்கிறாள். இவன் வண்டியைப் பார்த்ததும் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். ஏறவில்லை.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கிக் காத்து நின்றான். ஜோசப்பின் வண்டி வந்தது. வெண்மதி இறங்கினாள். ஜோசப் ஏதோ சொல்ல, அவள் சிரித்துத் தலையாட்டினாள். இளவரசுவுக்குக் காதெல்லாம் சுட்டது. ஊர் ஜனங்கள் போனது போதாதென்று கட்டிய பெண்டாட்டியுமா?

“இதான் ஒன் ஸ்கூட்டியா?” என்று வழியை மறித்தான். “அவன் வண்டியில அப்புடி என்னா இருக்கு? புருசன் வண்டிய வுட்டுட்டு அதுல வந்து எறங்குற. ஊரு சிரிக்காதா?”

வெண்மதி முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினாள். நீளமான தழும்பு. கொல்லையில் வழுக்கி விழுந்ததாக அவள் சொன்னபோது அவனே மருந்து போட்ட காயம்.

“கொல்லையில விழல மாமா. ஒங்க வண்டியில பின்படியில ஒரு கால வச்சேன். இன்னொரு காலு தரையில. அதுக்குள்ள எடுத்துட்டீங்க. நான் ரோட்டுல கெடந்தேன். பின்னாடி வந்த ஜோசப் அண்ணன் பிரேக் அடிக்கலன்னா அன்னைக்கே என் கதை முடிஞ்சிருக்கும்.”

இளவரசு தழும்பைத் தொட்டுப் பார்த்தான். “அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“நாந்தான் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா ஒங்களுக்குத்தான அசிங்கம்.”

“எனக்கு எப்புடித் தெரியாமப் போச்சு?”

“சாமிக்கண்ணு முன்னாடி டிக்கெட்டு குடுத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க ஜோசப் அண்ணன் வண்டி வருதான்னு வலது கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் விழுந்தது இடது பக்கம்.” அவள் முந்தானையை இழுத்து முழங்கையை மூடினாள். “வயித்தெரிச்சல வச்சிக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது மாமா. ஏறுற சனத்தப் பாத்து ஓட்டுங்க. நம்பித்தான ஏறுறாங்க.”

அவள் கடைக்கு நடந்தாள்.

வண்டி சேத்தியாத்தோப்புக்குத் திரும்பும் நடையில் கீரப்பாளையத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாகப் பின்படிக்கு வந்தாள். பின்னால் ஜோசப்பின் ஹாரன் கேட்டது. இளவரசுவின் கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போனது. வயிறும் பழைய இடத்தில் எரியத்தான் செய்தது. காலை எடுத்துவிட்டு இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

ஜோசப்பின் வண்டி முந்திக்கொண்டு போனது.

“அண்ணே, போறாருண்ணே” என்று பதறினான் சாமிக்கண்ணு.

“அவுரு போவட்டும்டா. ஏறுறதும் எவனோ ஒருத்தன் பொண்டாட்டிதான. ரெண்டு காலும் உள்ள வரட்டும்.”