வால் கனக்கிறது

உலகத்தில் கிளைடர் செய்கிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். ரயிலையே உள்ளே விடலாம் போல நீளமான கொட்டகை, கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக இன்ஜினீயர்கள், சோதனை ஓட்டத்துக்கென்றே மாதச் சம்பளம் வாங்கும் பைலட்டுகள். நம் டிசைனரிடம் இருந்ததெல்லாம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், நாலைந்து வேலையாட்கள், அப்புறம் ஒரு மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் வா, போ தான். இன்ஜினே இல்லாத அந்தக் கிளைடர் விமானத்தைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துவிட்டால், மச்சான் காற்றை மட்டும் நம்பிப் பாதி நாள் மிதந்துவிட்டுப் பூப்போல இறக்குவார். டிசைனர் வரைந்த கிளைடர் ஒவ்வொன்றையும் முதலில் ஓட்டியவர் அவர்தான். பயம் என்ற சாமானையே கடவுள் அவருக்கு வைக்க மறந்துவிட்டார் என்று ஷெட்டில் சொல்வார்கள்.

டிசைனருக்கு ஒரு கர்வம் உண்டு: தன் கணக்கு தப்பாது. முன்பொரு முறை இறக்கையில் விரிசல் விட்டபோதுகூட பிசின் மட்டம், வெயில் அதிகம் என்று ஊரையே குறை சொன்னாரே தவிர, கணக்கைத் தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை. மனுஷன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கிளைடரின் முதல் பறப்பு. பறக்கும் கிளப் ஒன்றிலிருந்து பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் ஆறு கிளைடருக்கு ஆர்டர். இல்லையென்றால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். அதற்கு முன் கடைசி எடை பார்க்க வேண்டும். நடுச் சக்கரத்துக்கு அடியில் ஒரு தராசு, வால் சக்கரத்துக்கு அடியில் இன்னொன்று. பைலட் மூக்குப் பக்கம் காலை நீட்டி உட்காருவார். முன்பக்கம் லேசாகி வால் கனத்துவிட்டால் கிளைடர் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு தடவை சுழல ஆரம்பித்தால் தரையில் வந்துதான் நிற்கும்.

அன்றைக்குத் தகரம் கொதித்தது. மச்சான் வழக்கமான தடித்த ஜாக்கெட்டோடு உள்ளே இறங்கப் போனவர், தலை சுற்றுகிறது என்று நின்று, அதைக் கழற்றி நாற்காலியில் மெதுவாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

டிசைனர் வால் தராசைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வால் கனக்குது. போன வாரம் கச்சிதமா இருந்துச்சே. நடுவுல என்ன நடந்துச்சு?"

நடுவில் நடந்தது பெயின்ட் மட்டும்தான். எல்லாரும் பெயின்டரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றார் பெயின்டர். "வாலுக்குத் துடைச்சு எடுத்த மாதிரிதான் அடிச்சேன். இதுக்கு மேல மெலிசா அடிக்கணும்னா பெயின்ட் டப்பாவைக் காட்டிட்டுத்தான் போகணும்."

"வாய் மட்டும் நல்லா பேசு. இரு, கையும் களவுமா பிடிக்கிறேன்."

பிடிப்பதற்காகவே மச்சானை இறங்கச் சொல்லிவிட்டு, கிளைடரை ஆளில்லாமல் எடை போட்டார். பெயின்ட்டுக்கு அவர் ஒதுக்கியிருந்த எடை எவ்வளவோ, அவ்வளவுதான் கூடியிருந்தது. விமானத்தில் ஒரு குறையும் இல்லை. பெயின்டர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு சிரிப்புச் சிரித்தார். டிசைனர் அவரிடம் முனகலாக ஒரு மன்னிப்புக் கேட்டு, எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினார்.

விமானம் மாறவில்லை. தராசு மாறவில்லை. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே உட்காரப் போனவர், நாற்காலியில் கிடந்த ஜாக்கெட்டை ஒரு கையால் எடுத்தார். அது கையைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. உள்துணியைப் பிரித்து, ஈயத் துண்டுகளை வைத்துத் தைத்திருந்தது. வால் துடுப்பைச் சமன் செய்ய ஷெட்டில் உருக்கி வைத்திருக்கும் அதே ஈயம். எட்டு கிலோவாவது இருக்கும். போன வாரம் இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் மச்சான் எடைக்கு உட்கார்ந்தார்.

வாசலில் முகம் கழுவிவிட்டு வந்த மச்சான் அங்கேயே நின்றார். ஜாக்கெட் இல்லாமல் அவரை டிசைனர் இப்போதுதான் நன்றாகப் பார்த்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. வாலில் ஒரு கைப்பிடி எடை கூடினால் தூக்கத்திலும் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் பாதியாகிப் போனது தெரியவில்லை. டிசைனர் ஜாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. அடிவயித்துல வலி."

"டாக்டர்?"

"போகல. போனா ஏதாவது எழுதிடுவாரு. அப்புறம் என்னை யாரு மேல ஏற விடுவா? ஞாயித்துக்கிழமை மட்டும் விடு மாப்ள. சீட்டுக்கு அடியில ஈயத்தை வச்சுக் கட்டிடு, கணக்கு சரியாயிடும். இறங்குனதும் நேரா ஆஸ்பத்திரிதான்."

"கணக்கு சரியாயிடும். மேல போய் உனக்குத் தலை சுத்துனா?"

"அப்போ வேற ஆளை வச்சு ஓட்டு. ஆர்டரை விட்டுடாத." என்றார் மச்சான்.

டிசைனர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வேறு பைலட் வந்தால் மச்சான் ஏன் ஓட்டவில்லை என்று முதல் கேள்வி வரும். கிளைடர் ஓட்டுகிறவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். ஒருவன் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் எல்லார் காதிலும் விழும். அப்புறம் டாக்டரே நல்லபடியாகச் சொன்னாலும், இவரை நம்பி எவன் கிளைடரைக் கொடுப்பான்? டிசைனர் போனை எடுத்து கிளப் செயலாளரைக் கூப்பிட்டார்.

"சார், ஞாயித்துக்கிழமை பறக்க முடியாது. இல்ல சார், மழையெல்லாம் இல்ல. விமானத்துல கோளாறு." கிளைடருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "வால் கனக்குது. என் கணக்கு தப்பாயிடுச்சு சார். ஆமா, என் கணக்குதான். எப்ப சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். வெளிநாட்டுக் கம்பெனி என்ற வார்த்தை மச்சானுக்கே கேட்டது. "சரிங்க சார், புரியுது" என்று டிசைனர் போனை வைத்தார்.

மச்சான் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நல்லா ஒண்ணு நீ பண்ணினதே இல்ல மாப்ள. அதைப் போய் ஓட்டைன்னு சொல்லிட்டியே."

"அதுக்குக் காது கேக்காது. விடு."

டிசைனர் கார் சாவியை எடுத்தார். மச்சான் வாசல் வரை கூட வந்தவர், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"போற வழியில தங்கச்சியையும் ஏத்திக்கலாமா? டாக்டர் சொல்றதைத் தனியா கேக்க எனக்குப் பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல" என்றார் டிசைனர். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.