முக்கால் சுற்று

வாசலிலிருந்து வண்டியைத் தெருவுக்குத் திருப்பிய மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை மறுபடி நேராக்க இரண்டு கையாலும் இழுத்தார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி மலர்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அபிநயா ஜன்னல் வழியே கையாட்டினாள். நடுவில் சம்பந்தியம்மா பொன்னுத்தாய், பூசைச் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒழுங்கான வண்டி என்றால் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினாலே ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்துவிடும். இது வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பதினைந்து வருஷமாக அந்த பிக்கப் வண்டியில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றியவன் நான். கடைசி ஆறு மாசமாக, மகள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, ஸ்டியரிங்கில் ஆட்டம். ஒரு சாண் திருப்பினாலும் முன்சக்கரம் ஏனென்று கேட்காது. நேர் ரோட்டில் போகவே மாவு சலிப்பதுபோல இரண்டு பக்கமும் கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. இப்போது மூட்டுவலி வந்து ஓட்ட முடியாமல் போக, ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை பரணிதரன், "நான் எடுத்துக்கிறேன் மாமா" என்றார். "பழைய வண்டியாச்சே" என்று சம்பந்தியம்மா இழுத்தார். "கல்லு மாரி இருக்குது சம்பந்தி" என்று நான் சொன்னேன். இந்த வாயை என்ன செய்வது?

சொன்ன கையோடு மெக்கானிக் சவரிமுத்துவிடம் ஓடினேன். என்னை சீட்டில் உட்கார்த்தி ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். "சக்கரத்த திருப்புற டை ராடு முனை ரெண்டும் தேஞ்சுபோச்சுண்ணே. சாமான் திருச்சிலேருந்து வரணும், திங்கக்கிழம ஆயிரும். அதுக்குள்ள மேல ஸ்டியரிங் பாக்ஸ்ல இருக்குற ஸ்குரூவ முடுக்கித் தொலச்சிறாதீங்க. ஆட்டம் போன மாரி தெரியும். ஆனா திருப்புன எடத்துலயே புடிச்சுக்கும்" என்றார். திங்கட்கிழமை வரை பொறுக்காமல், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டு அப்படியே ஊருக்கு ஓட்டிப்போக, சனிக்கிழமை காலையிலேயே சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் தூக்கினேன். கால் சுற்று முடுக்கினேன், ஆட்டம் குறைந்தது. அரைச் சுற்றில் இன்னும் குறைந்தது. முக்கால் சுற்றில் வண்டி நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல ஆகிவிட்டது. கீழே தேய்ந்தது தேய்ந்தபடியே இருந்தது, மேலே மட்டும் பெரிய மனுஷத்தனம்.

அவர்கள் கிளம்பிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்தேன். கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். "குட்டி போட்ட பூனையாட்டம் ஏன் சுத்துறீங்க?" என்றாள் மலர்கொடி. அபிநயாவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் போலிருக்கிறது, எல்லாருடைய குரலும் கேட்டது. "மாமா, ஸ்டியரிங் செம டைட்டு!" என்று மாப்பிள்ளை கத்தினார். "சம்பந்தி சொன்னது நெசந்தான்" என்று பொன்னுத்தாய் சிரித்தார். "பாத்து மெதுவா போங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பெற்ற மகள் அந்த வண்டியில் இருக்கிறாள், எனக்கு என் மரியாதை பெரிதாகப் போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்து வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுபடி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பெரம்பலூர் நான்குரோடு தாண்டும்வரை ஒன்றுமில்லை. அரியலூர் ரோட்டில் ஏறியதும் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒவ்வொரு வளைவிலும் வண்டி திருப்பியபடியே நிற்பதும் மாப்பிள்ளை இழுப்பதும் கண்ணுக்குள் வந்தது. முட்டி விண்விண்ணென்றது. பாதி வழியில் ரோட்டோரம் பத்துப் பேர் கூடிக் குனிந்து நின்றார்கள். மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், ஒரு ஆள் நுங்கு சீவிக்கொண்டிருந்தான். "ரோட்டுல வச்சா யாவாரம் பண்ணுவ?" என்று அவனைக் கண்டபடி திட்டினேன். அவன் ஒன்றும் புரியாமல், "எத்தன நுங்குங்க வேணும்?" என்றான்.

கல்லங்குறிச்சியில் கோயிலுக்கு வெளியே, புளியமர நிழலில் வண்டி முழுசாக நின்றது. மூன்று பேரும் முழுசாக நின்றார்கள். சாமி பார்க்கும் முன்னே எனக்குக் கண் கலங்கியது. வண்டிக்கு மாலை போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஏறி நசுக்க வேண்டியதுதான் பாக்கி.

"வாங்க சம்பந்தி, பூசைய பாக்கணும்னு தொரத்திக்கிட்டே வந்துட்டீங்களா?" என்றார் பொன்னுத்தாய்.

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டிய தலையை நிறுத்துவதற்குள் அபிநயா பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "வளைவுல ஒரு டிப்பருக்கு நேரா போயிட்டோம்பா. அவன் ஒதுங்குனான், பொழச்சோம்" என்றாள்.

"என் தப்புதான் மாமா" என்றார் பரணிதரன். தலையைக் குனிந்துகொண்டார். "லேட்டா ஒடிச்சிட்டேன். நல்ல வண்டிய கையில குடுத்தீங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

"இவன் எப்பவும் இப்புடித்தான், எல்லாத்துலயும் அவசரம்" என்று அவர் அம்மா பெருமூச்சு விட்டார்.

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? பழி ஒரு இடத்தில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. நான் இரண்டு புத்திமதி சொல்லி, நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினால் போதும். இருபத்தெட்டு வயசுப் பையன் பெண்டாட்டி முன்னால் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது.

"மாப்ள, உங்க தப்பில்ல" என்றேன். "நான்தான் ஸ்குரூவ முடுக்கி வச்சேன். அடியில எல்லாம் தேஞ்சு கெடக்கு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

பொன்னுத்தாய் கையில் கற்பூரத் தட்டோடு என்னைப் பார்த்தார். கேட்பார், நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளைதான், "எத்தன சுத்து மாமா? முக்காவா, அரையா?" என்றார்.

"முக்கா."

சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் பானெட்டைத் தூக்கினார். "ஏறி ஆட்டுங்க மாமா." ஏறினேன். உள்ளே நட்டு இளகும் சத்தம் கேட்டது. என் கையில் இருந்த ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக எடையிழந்தது. அபிநயா பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முன்சக்கரத்தின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"டயர் அசையுதாம்மா?" என்றேன்.

"இல்லப்பா."

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கோயிலுக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப?"

"இல்ல." டயரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் என்னய இதுலதானப்பா அழச்சிக்கிட்டுப் போனீங்க?"

ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினேன். முழுசாக ஒரு சாண் போயிற்று. அவள் டயர்மேல் உள்ளங்கையை வைத்து, அது அசைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.