பழுப்புக் கண்ணாடி

பால்கனிக் கதவை மாற்றச் சொன்னது நான்தான். அந்தப் பழைய இழுவைக் கதவில் சக்கரம் தேய்ந்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஏசிக் குளிர் வெளியே போகும், மேற்கு வெயில் உள்ளே வரும். அந்த அறையில்தான் நான் பட்டுப்புடவை விற்கிறேன்.

நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது என் கணவர் கலியாணசுந்தரம் புதுக் கதவு போட்டுவிட்டார். இரட்டைக் கண்ணாடி, பழுப்பு நிறம். அறை நன்றாகக் குளிர்ந்தது. சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரமே தாமலிலிருந்து என் வாடிக்கையாளர் காந்தா அக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஆரி வேலை செய்த ரவிக்கை முன்பே தைத்தாகிவிட்டது. அதற்குப் பொருத்தமாகப் புடவை வேண்டும். இங்கே பட்டின் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில்தான் விரிப்போம். கதவை மூடியபடியே அதன் அருகில் விரித்தேன். ரவிக்கையும் புடவையும் ஒரே சாயத்தில் முக்கியெடுத்தது போலிருந்தன. அக்கா வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் அக்கா திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மொட்டை மாடிக்கு வாம்மா."

வெயிலில் புடவை அரக்கு நிறம். ரவிக்கை செங்கல் நிறம்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல தள்ளிவுட்டா போதும்னு பாத்தியா?"

பழுப்புக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. கீழே வந்து, கணவருக்கும் அக்காவுக்கும் கேட்கும்படி, கதவு போட்ட இம்தியாஸுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, ஏன் பழுப்புக் கண்ணாடி என்று கேட்டேன்.

"நிறமில்லாத கண்ணாடியிலயே வெயில் சூட்டைத் தடுக்குறது இருக்குதுமா. காட்டினேன். அண்ணன்தான், 'அந்த ரூம்ல அவ துணியை அடுக்கிக்கினு பொழுது போக்குறா, எந்தக் கலரா இருந்தா என்ன'ன்னாரு."

அக்கா என் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

பத்து வருஷமாக என் பேச்சை நம்பித்தான் ஆட்கள் படியேறுகிறார்கள். அது அவருக்குப் பொழுதுபோக்கு.

"நாளைக்கு வந்து நிறமில்லாத கண்ணாடிக்கு அளவெடுங்க," என்று இம்தியாஸிடம் சொல்லிவிட்டுக் கதவை ஒரே இழுப்பில் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது.

"ஏசி ஓடுது ரேவதி! குளிரெல்லாம் போவுது!"

"போவட்டும். இந்த முந்தானையைப் பிடிங்க."

பிடித்தார். பாதி முகத்தில் வெயில். அக்கா ரவிக்கையை வைத்துப் பார்த்தார்.

"இது இல்லம்மா."

"கையை இறக்காதீங்க," என்றேன் கணவரிடம், அடுத்த புடவையைப் பிரித்தபடி.